காதுக்குப் பதவுரை சொன்னவர்

இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சொல்லிச் சொல்லியே அவருக்குக் கனிவு என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளப் பட்டியலையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் தவிர அதை வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. பயணிகள் கனிவாகக் கவனித்தார்களா என்றால், அதுவும் இல்லை. அவர் மூக்கும் தொண்டையும் சேர்ந்து "நடைமேடை நான்கு" என்று முழங்கினால், கூட்டம் ஏழாவது நடைமேடைக்கு ஓடும். அறிவிப்பு என்பது புரிவதற்காகச் செய்யப்படுவது என்று அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை.

ஒருநாள் பதிவுசெய்யப்பட்ட பெண் குரல் ஒன்று வந்து இறங்கியது. "அந்தக் குரலுக்கு இருமல் வராது, லீவு வராது, பென்ஷனும் வராது. நீங்க கிளம்புங்க" என்று மேலாளர் கையைக் குலுக்கி அனுப்பிவைத்தார். மூன்று மாதம் கனிவு வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். பிறகு, மிஷினால் வேலை போன மனிதருக்கு இன்னொரு மிஷினால் வேலை கிடைத்தது.

அந்த இன்னொரு மிஷினின் வரலாறு இது. நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் இலவச சட்ட உதவி அலுவலகம். முன்பெல்லாம் அங்கே ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு பெஞ்சு, ஒரு வக்கீலம்மா. ஜனங்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுவார்கள். வக்கீலம்மா அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, கையிலிருக்கும் தாளை வாங்கிப் படித்து, எழுத வேண்டியதை எழுதிக் கொடுப்பார். மிகவும் பழைய முறை. வேலை நடந்தது என்பதைத் தவிர அதில் வேறு சிறப்பு எதுவும் கிடையாது.

இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நெற்றியில் கண்ணாடித் திரை, வயிற்றில் மைக், மார்பில் புன்னகைக்கும் காது ஒன்றின் படம். பெயர் 'நீதிச்செவி'. வாயால் சொன்னால் போதும், சட்டம் வீடு தேடி வரும் என்றார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய பெரிய மனிதர் மைக்கை நோக்கிக் குனிந்து, "எனக்கு நீதி வேண்டும்" என்றார். "தங்கள் கோரிக்கை தெளிவாக இல்லை" என்றது பெட்டி. எல்லோரும் கைதட்டினார்கள். வக்கீலம்மாவின் மேசை மூன்றாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு, உடைந்த நாற்காலிகளுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தது.

ஜனங்கள் அதைச் சுருக்கமாகக் 'காது' என்றார்கள். காது இருந்தது. கேட்பதில்தான் சங்கடம். அதற்குப் புத்தகத் தமிழ் மட்டுமே தெரியும். புத்தகத்தில் இருக்கிற மாதிரி அழுகிறவர்கள் அந்தப் பக்கம் வரவே இல்லை. "அடிச்சுட்டான்" என்றால், "தங்கள் கூற்று புரியவில்லை, மீண்டும் கூறவும்" என்னும். மூன்றாம் முறை சொன்னால், "நன்றி, மீண்டும் வருக" என்று சொல்லிக் கும்பிடும். "இருபது வருஷமா அங்கதான் குடியிருக்கேன்" என்று ஒரு பெரியவர் சொன்னதில் 'குடி' என்ற இரண்டு எழுத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அவருக்குக் குடிமறப்பு மையத்தின் முகவரியை அனுப்பியது. வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர், அரசாங்கமே சொல்லிவிட்டதே என்று போய் இரண்டு நாள் அங்கே படுத்துவிட்டு வந்தார்.

திட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் நெஞ்சுத் துடிப்பை எண்ணும் கடிகாரம். ஜனங்களின் பேச்சை மிஷினுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வருடம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். அவர் ஒரு வாரத்தில் வழி கண்டுபிடித்தார். மிஷினின் பேச்சு தெரிந்த ஒரு மனிதரைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் போயிற்று! காதுக்கு ஒரு வாய். அந்த வாய்தான் கனிவு. நியமன உத்தரவில் 'உரையாடல் எளிமையாக்குநர்' என்று போட்டிருந்தது. அதையே இன்னொருவர் எளிமையாக்க வேண்டியிருந்தது.

கனிவுக்கு வேலை பிடித்துப்போனது. "மருமக சோறு போடாம தொரத்துறா தம்பி" என்று ஓர் அம்மாள் மூக்கைச் சிந்துவார். கனிவு தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மருமகள் எனக்கு உணவளிக்க மறுத்து, இல்லத்திலிருந்து வெளியேற்றுகிறார்" என்று முழங்குவார். பெட்டி 'டிங்' என்று ஒப்புக்கொள்ளும். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, "என் கஷ்டம் இவ்வளவு அழகா இருக்கும்னு எனக்கே தெரியாது" என்பார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கனிவு சொன்னதை ஒருவர் கேட்டு, கேட்டபடி செய்தது. அந்த ஒருவர் மனிதராக இல்லை என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வீட்ல நான் கத்துனா உங்களுக்குக் காது கேக்காது. ஆபீஸ்ல போய்க் காதுக்கே பேசுறீங்களாக்கும்" என்றார் மனைவி. ஆனால் அக்காவிடம் ஃபோனில் பேசும்போது, "எங்க வீட்டுக்காரர் இல்லேன்னா அங்க ஒண்ணும் ஓடாதாம்" என்று பெருமையடித்துக்கொண்டதும் கனிவின் காதில் விழுந்தது. விழுந்தது, அங்கேயே தங்கியும் விட்டது.

அலுவலக வாசலில் இரண்டு பலகைகள். ஒன்றில் 'காகிதமில்லா நீதி. காகிதங்களை உள்ளே கொண்டுவராதீர்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் சிவப்பு எண்கள். ஒவ்வொரு 'டிங்'குக்கும் ஓர் எண் ஏறும். ஒரு நாளைக்கு நாற்பது ஏறியாக வேண்டும். எத்தனை பேருக்கு நீதி கிடைத்தது என்று காட்ட அங்கே பலகை எதுவும் இல்லை. சுவரில் இடமில்லை போலும்.

அந்த வாசலில்தான் ஒரு பத்தாம் தேதி, சாயங்காலம், தையல்காரம்மா வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தையல் மிஷின் மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கையில் எட்டாக மடித்த ஒரு தாள். வீட்டு முன்னறையில்தான் தையல், பின்னறையில் குடித்தனம். வீடு போனால் பிழைப்பும் சேர்ந்து போகும். வீட்டுச் சொந்தக்காரர் வழக்குப் போட்டிருந்தார். பதினெட்டாம் தேதி மாலை நான்கு மணிக்குள் பதில் மனு போடாவிட்டால், இவரைக் கேட்காமலே தீர்ப்பு. இவ்வளவும் அந்தத் தாளில் இருந்தது.

"அண்ணே, வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொல்றாரு."

தமிழில் வீட்டுக்காரர் என்றால் இரண்டு பேர். ஒருவர் வாடகை வாங்குவார்; இன்னொருவர் வாங்கிக் கட்டிக்கொள்வார். எந்த வீட்டுக்காரர் என்று கேட்க ஒரு நொடி போதும். கனிவின் காதில் மனைவியின் குரல்தான் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து முழங்கினார்:

"என் கணவர் என்னை இல்லத்தை விட்டு வெளியேறுமாறு வற்புறுத்துகிறார்."

தையல்காரம்மாவுக்கு அது ஏதோ வண்டி புறப்படுகிற அறிவிப்பு மாதிரி இருந்தது. கோர்ட்டுப் பாஷை, நமக்கு எங்கே புரியப்போகிறது என்று மரியாதையாகத் தலையாட்டினார்.

"ரெண்டு மாசமா தண்ணியை நிறுத்திட்டாருண்ணே."

கனிவு சற்றுத் தயங்கினார். குடியை விட்டது நல்ல விஷயம்தானே, இதில் என்ன புகார்? ஆனால் அவருடைய மைத்துனர் குடியை விட்ட மூன்று வாரத்தில் இரண்டு கதவை உடைத்தவர். பட்ட அனுபவம் பேசியது. "மதுவை நிறுத்திய நாள்முதல் மிகுந்த சினத்துடன் இருக்கிறார்."

"வாசல்ல நின்னு கத்துறாரு. வேற ஆளைக் கொண்டாந்து வைக்கப் போறேன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாரு."

"அடப்பாவி!" என்றார் கனிவு, மைக்கை விட்டு விலகி. பிறகு மைக்கிடம்: "வேறொரு பெண்ணைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளப் போவதாக மிரட்டுகிறார்." பெண் என்பது மூலத்தில் இல்லை. உரை எழுதுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

"இந்தத் தாளைக் கொஞ்சம் பாருங்கண்ணே, கோர்ட்டுலேருந்து..."

"தாள் வேணாம்மா. இங்க தாள் எடுக்க மாட்டாங்க. போர்டைப் பாக்கலையா?"

கண்ணாடி இல்லாத அம்மாள் போர்டையும் பார்க்கவில்லை, திரையில் எறும்பு அளவில் ஊர்ந்த சுருக்கத்தையும் பார்க்கவில்லை. 'மேற்கண்டது சரியா? ஆம் / இல்லை.' ஒருங்கிணைப்பாளர் பின்னால் வந்து கடிகாரத்தைத் தட்டினார். "அண்ணா, மணி அஞ்சாகப் போகுது. இன்னும் முப்பத்தி ஒண்ணுலயே நிக்குது." கனிவு விரலை நீட்டி 'ஆம்' என்பதை அழுத்தினார். டிங். முப்பத்திரண்டு.

தையல்காரம்மாவின் ஃபோனுக்குச் செய்தி வந்தது. 'தங்கள் மனு உரிய அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கவலை வேண்டாம்.' அதை மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கவலை வேண்டாம் என்று அரசாங்கம் சொன்ன பிறகு, அதிகப்பிரசங்கியாகக் கவலைப்பட அவருக்குப் பழக்கமில்லை. எட்டு நாள் நிம்மதியாகத் தைத்தார்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் இரண்டரை மணிக்கு அவர் மறுபடி வந்தார், கணவரோடு. கணவர் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுகிறவர். நாள் முழுக்க "மேலயா, கீழயா" என்ற இரண்டு சொல்லிலேயே காலம் தள்ளுகிற சாது. அன்று காலை குடும்ப ஆலோசனை மையத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. கண்மங்கலாக இருந்ததால் லிஃப்டில் ஏறிய கம்பவுண்டரிடம் படிக்கக் கொடுத்தார். கம்பவுண்டர் சத்தம் போட்டுப் படித்தார். நான்காவது மாடி வருவதற்குள் ஆஸ்பத்திரி முழுக்க இவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது உறுதியாகிவிட்டது.

"நான் எப்போ உன்னைப் போகச் சொன்னேன்? எப்போ குடிச்சேன்? எப்போ வுட்டேன்?" என்றார் அவர், வாசலிலேயே. கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"ஏங்க, நான் உங்களைப் பத்தி வாயே தொறக்கலைங்க! வீட்டுக்காரரைப் பத்தித்தான் சொன்னேன்!"

"வீட்டுக்காரர்னா நான்தானேம்மா?"

"நீங்க இல்லைங்க, வீட்டுக்காரர்!"

கனிவு மைக்கை விட்டு விலகி வந்தார். "எந்த... எந்த வீட்டுக்காரர்மா?"

"வீட்டு ஓனருண்ணே! தண்ணிக் குழாயை மூடிட்டாரு, வேற ஆளைக் குடிவைக்கப் போறேங்கிறாருன்னு அன்னிக்கே சொன்னேனே! தாளைக்கூடக் காட்டினேனே!" எட்டு மடிப்பையும் பிரித்து அவர் கையில் திணித்தார். "இன்னிக்கு நாலு மணிக்குள்ள பதில் போடணும்னு இருக்கு. போட்டாச்சுல்ல?"

கனிவு படித்தார். ஒருதரம் படித்தாலே போதுமாக இருந்தது. பெட்டியிடம் ஓடினார். புதிய மனு என்று சொன்னதும் அது பாந்தமாகச் சொன்னது: "தங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு மனு நிலுவையில் உள்ளது. மூன்று ஆலோசனை அமர்வுகள் முடிந்தபின் முயலவும்."

"இது எட்ஜ் கேஸ்ணா, ஆயிரத்துல ஒண்ணு" என்றார் ஒருங்கிணைப்பாளர், திரையைத் துடைத்தபடி. "ஃபீட்பேக்ல போட்டு விடுங்க. அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

"அடுத்த அப்டேட் எப்போ சார்?"

"மார்ச்சுல."

"வீடு இன்னிக்கு நாலு மணிக்குப் போகுது சார்."

"அதான் சொல்றேன், ஃபீட்பேக்ல அர்ஜெண்ட்னு போடுங்க."

கனிவு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. மூன்று பேரும் மூன்று மாடி ஏறினார்கள். லிஃப்ட் உண்டு. அன்று பார்த்து வேலை செய்யவில்லை. லிஃப்ட்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே அதைத் தொழில்முறையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினார். படிக்கட்டுத் திருப்பத்தில் வக்கீலம்மா தனியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி ஒரு நிமிடத்தில் படித்து முடித்து, பேனாவைத் திறந்தார்.

"பேப்பர் குடுங்க."

காகிதமில்லா நீதி தன் முழு மகிமையையும் அந்த நிமிடத்தில் காட்டியது. மூன்று மாடியிலும் ஒரு வெள்ளைத்தாள் இல்லை. மலை மாதிரி குவிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்: நீதிச்செவி பற்றிய விளம்பரத் துண்டறிக்கைகள், நாலாயிரம், பளபளப்பான வழவழத்தாளில். ஒரு பக்கம் சிரிக்கும் காது. நல்லவேளை, மறுபக்கம் வெறுமை. சொல்வதற்கு அவர்களிடம் அதற்கு மேல் விஷயமில்லை.

வழவழப்பில் பேனா சறுக்கியது. வக்கீலம்மா அழுத்தி அழுத்தி எழுதினார். "தண்ணி எப்போலேருந்து வரலை? குழாயை யார் மூடினது? நீங்க பார்த்தீங்களா?" தையல்காரம்மா தன் பேச்சில் சொல்ல, வக்கீலம்மா தன் பேச்சில் எழுத, நடுவில் யாரும் முழங்கத் தேவைப்படவில்லை. ஐந்து துண்டறிக்கை ஆனது. மூன்று ஐம்பத்திரண்டுக்குத் தாக்கல் பிரிவில் நீட்டினார்கள். குமாஸ்தா முன்னும் பின்னும் திருப்பினார்.

"என்னம்மா இது, பின்னாடி காது?"

"முன்னாடி படிங்க. பின்னாடி இருக்கறது கேக்காது" என்றார் வக்கீலம்மா.

முத்திரை விழுந்தது. அத்தோடு முடிந்திருந்தால் நீதியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம். விசாரணை நாளில் வீட்டுச் சொந்தக்காரரின் வக்கீல் ஒரு கடிதத்தை எடுத்து ஆட்டினார். ஆலோசனை மையம் லிஃப்ட்காரருக்கு அனுப்பியதன் நகல், வீட்டு முகவரிக்கும் வந்திருந்தது. அதைப் பிரித்துப் படித்தவர் சொந்தக்காரர். 'வீட்டுக்காரருக்கு' என்று போட்டிருந்தால் நான்தானே என்றாராம். "ஐயா, இந்தம்மாவைத் துரத்துவது இவரது கணவர் என்று இவரே அரசாங்க மிஷினில் பதிவு செய்திருக்கிறார். என் கட்சிக்காரர் தண்ணீரை நிறுத்தினார் என்பது அப்புறம் சோடித்த கதை. நம்ப முடியுமா?"

நீதிபதி அந்தக் கடிதத்தையும் தையல்காரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். மிஷின் பொய் சொல்லாது என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. சம்பந்தப்பட்ட ஊழியர் வந்து சொல்லட்டும் என்று வழக்கை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார்.

ஒருங்கிணைப்பாளர் கனிவைச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஓரங்கட்டிக்கொண்டு போனார். "அண்ணா, ஒண்ணுமே இல்ல. அந்தம்மா 'கணவர்'னுதான் சொன்னாங்க, நான் அப்படியே சொன்னேன்னு ஒரு வார்த்தை. யூசர் எரர், சொன்னவங்க தப்பு. நம்ம ரிப்போர்ட்ல இதுவரைக்கும் பிழை பூஜ்யம். இப்ப ஒண்ணு வந்துச்சுன்னா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க."

"அப்படிச் சொன்னா அந்தம்மா வீடு போயிடும் சார்."

"வேற வீடு பாத்துக்குவாங்கண்ணா. உங்களுக்கு வேற வேலை கிடைக்குமா, யோசிங்க. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது."

கனிவு யோசித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று மாதத்தை யோசித்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பையில் வைத்தார். மத்தியானம் கூண்டில் ஏறியதும் பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினார். எல்லோரும் ஓர் அறிவிப்பை எதிர்பார்த்தார்கள். வந்தது வேறு குரல்.

"அவங்க வீட்டுக்காரர்னுதாங்கய்யா சொன்னாங்க. கணவர்னு சொன்னது நான். வீட்டு ஓனரா, புருஷனான்னு நான் கேக்கலை. தாளைக் காட்டினாங்க, வேணாம்னுட்டேன். சரியான்னு அது கேட்டப்ப, நாந்தான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டாம அமுக்கினேன். தப்பு என்னோடது."

சொந்தக்காரரின் வக்கீல் எழுந்தார். "மதுவை நிறுத்தியது என்று இருக்கிறதே, அது?"

"தண்ணின்னாங்க. நான் சாராயம்னு நினைச்சுட்டேங்க."

"வேறொரு பெண்?"

"பொண்ணு நானாப் போட்டது."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டிவிட்டு, தானும் கையால் வாயை மூடிக்கொண்டார். மிஷின் பதிவைக் கணக்கில் எடுக்க முடியாது, பதில் மனு ஏற்கப்படுகிறது, வழக்கு முடியும்வரை யாரும் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் தண்ணீர் விட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பதில் மனு விளம்பரத்தாளில் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு கடைசியாக ஓர் ஆட்சேபணை எழுப்பியது. எழுத்துமூலமாக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை என்றார் நீதிபதி.

ஆலோசனை மையம் தன் பிடியை விடவில்லை. மூன்று அமர்வும் முடிந்தால்தான் கோப்பை மூட முடியும் என்றார்கள். சண்டையே இல்லாத புருஷனும் பெண்டாட்டியும் மூன்று சனிக்கிழமை போய், ஒருவரையொருவர் மன்னித்துவிட்டு வந்தார்கள். அந்த வருட அறிக்கையில் 'நீதிச்செவியால் ஒன்றுசேர்ந்த குடும்பங்கள்' என்ற தலைப்பின் கீழ் அவர்கள் இரண்டு பயனாளிகள். கூண்டில் சொன்ன பிழையைக் காணோம். வீடு தப்பியதும் அறிக்கையில் இல்லை. அது மிஷின் வழியாக வரவில்லையே.

கோர்ட்டு உத்தரவு வந்த மூன்றாம் நாளே கனிவுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. 'தங்களது மேலான பங்களிப்பிற்கு நன்றி நவில்கின்ற அதே வேளையில், தங்களது சேவை இனித் தேவைப்படவில்லை என்பதைக் கனிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடி மனைவியிடம் அதைச் சொன்னார்.

"தொரத்திட்டாங்க."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்தத் தையக்காரம்மாவுக்குத் தண்ணி விட்டாங்களா?"

"நேத்தே வந்துடுச்சாம்."

"அப்புறம் என்ன? நாளைக்கு வீட்லதானே இருப்பீங்க, நம்ம குழாயைப் பாருங்க. ரெண்டு வாரமா ஒழுகுதுன்னு கத்திக்கிட்டிருக்கேன்."

"எப்போ சொன்னே?" என்றார் கனிவு.